அமெரிக்கால ஸ்போர்ட்ஸ் காரை டிரேட்-இன் குடுக்கும்போது நியாயமான ரேட் வாங்குறது எப்படி

மஸ்டாங், கார்வெட், மியாடா, ஜிஆர்86, போர்ஷ் கேமன் இந்த மாதிரி ஒரு வண்டி வெச்சிருக்கீங்க, ஆசைப்பட்டு வாங்குனது, ஆனா இப்ப வீட்ல குழந்தை வந்தாச்சு இல்லன்னா ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் தங்கப் போறாங்க, கார் சீட் மாட்டவும் வழியில்ல பெரியவங்க ஏறி இறங்கவும் வழியில்ல, சரி சியென்னாவோ ஒடிஸியோ ஒரு மினிவேன் எடுத்துட்டு, இதை டீலர்கிட்டயே குடுத்து அந்த விலைல கழிச்சுக்கலாம், அதாவது டிரேட்-இன் பண்ணிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த எடத்துல தான் ரெண்டாயிரம் மூவாயிரம் டாலரை தெரியாமயே விட்டுட்டு வர்றாங்க. கேம்ரி, அக்கார்டு மாதிரி வண்டின்னா எந்த டீலர்கிட்ட போனாலும் ரேட் பக்கத்துல பக்கத்துல தான் வரும், ஏன்னா யாரு எடுத்தாலும் சீக்கிரம் வித்துடலாம். ஸ்போர்ட்ஸ் கார் அப்படி கிடையாது, எடத்துக்கு எடம் ரேட் பயங்கரமா மாறும். ஏன் மாறுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வரும்.

டீலர் சொல்ற விலை, வண்டிய வாங்குன அப்புறம் அவங்க அதை என்ன பண்ணப் போறாங்கங்கறதைப் பொறுத்தது, அவ்ளோ தான். சொந்த லாட்ல, அதாவது அவங்க விக்கிற வண்டி நிக்கிற எடத்துல, வெச்சு கஸ்டமருக்கு விக்கப் போறாங்கன்னா, என்ன விலைக்கு விப்போம்னு மேல இருந்து ஆரம்பிச்சு ரிப்பேர் செலவு, லாபம் ரெண்டையும் கழிச்சு உங்களுக்கு சொல்வாங்க. லாட்ல வெக்கப் போறதில்லன்னா நேரா ஹோல்சேல் ஏலத்துக்குப் போகும். மேன்ஹைம்னு ஒரு ஏல கம்பெனி, 1945-ல பென்சில்வேனியால மேன்ஹைம்ங்கற ஊர்ல ஆரம்பிச்சது, இன்னிக்கு நாடு முழுக்க டீலருங்க மட்டும் வாங்கி விக்கிற எடம் அது. டொயோட்டா டீலர்கிட்ட நீங்க ஒரு மேனுவல் கியர் மஸ்டாங் ஜிடிய கொண்டு போய் நிறுத்துனா அவங்க மனசுல வர்ற நம்பர் பெரும்பாலும் அந்த ஏல நம்பர் தான், அதுலயும் ஏல ஃபீஸ், வண்டிய ஏத்தி அனுப்புற செலவு, ஏலத்துல கம்மியா போயிட்டா என்ன பண்றதுங்கற பயத்துக்கு ஒரு ஆயிரம், எல்லாம் போக மிச்சம் தான் உங்களுக்கு. அதே வண்டிய ஃபோர்டு டீலர்கிட்ட கொண்டு போங்க, அவங்ககிட்ட மஸ்டாங் தேடி வர்றவங்க இருக்காங்க, சர்வீஸ் பே இருக்கு, பார்ட்ஸ் டீலர் விலைக்கு வருது, லாட்ல நிறுத்தி விப்பாங்க. கணக்குக்காக வெச்சுக்கோங்க, 30,000 டாலருக்கு லாட்ல விக்கக்கூடிய வண்டின்னா ஃபோர்டு டீலர் 26,500 குடுக்க வாய்ப்பிருக்கு, டொயோட்டா டீலர் 23,500-லயே நின்னுடலாம். யாரும் ஏமாத்தல, ரெண்டு பேர் பண்ற வியாபாரமே வேற.

அதனால முதல் வேலை, புது வண்டி வாங்குற எடத்துலயே பழசையும் தள்ளிவிடணும்ங்கற எண்ணத்தை கொஞ்சம் ஓரமா வைங்க. கடைசில அங்கயே குடுக்க வேண்டி வரலாம், அதுக்கு ஒரு நல்ல காரணமும் இருக்கு, கீழ டாக்ஸ் கணக்குல சொல்றேன், ஆனா கைல ஒரு ஆஃபர் கூட இல்லாம அங்க போய் உக்காரக் கூடாது.

சரி, நம்பர் எங்க பாக்குறது. கெல்லி ப்ளூ புக், எட்மண்ட்ஸ்னு கார் விலை சொல்ற ரெண்டு வெப்சைட்டையும் பாருங்க. கெல்லி 1926-ல இருந்து விலைப் புத்தகம் போடுற ஆளுங்க, இப்ப மேன்ஹைம் வெச்சிருக்கிற காக்ஸ் கம்பெனி தான் இதுக்கும் ஓனர். அதுல டிரேட்-இன் விலை, டீலர் இல்லாம நேரா இன்னொரு ஆளுக்கு விக்கிற பிரைவேட் பார்ட்டி விலைன்னு ரெண்டு இருக்கும், நம்ம பாக்க வேண்டியது டிரேட்-இன் தான், பிரைவேட் பார்ட்டி விலைய பிரிண்ட் எடுத்துட்டுப் போய் டீலர்கிட்ட நீட்டுனா பேச்சு அங்கயே முடிஞ்சிடும். கண்டிஷன் கேக்குற எடத்துல எல்லாரும் எக்ஸலண்ட்னு அழுத்துறாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, அந்தக் கட்டத்துக்குள்ள ரொம்ப ரொம்பக் கொஞ்சம் வண்டி தான் வரும்னு கெல்லியே சொல்றாங்க. முன் பம்பர்ல கல் பட்ட புள்ளி, வீல் ஓரத்துல ஃபுட்பாத்ல உரசுன தடம், ட்ரைவர் சீட் பக்கவாட்டு மடிப்புல தேய்மானம், ஸ்போர்ட்ஸ் கார்ல இது மூணும் இல்லாத வண்டி அபூர்வம். குட் இல்லன்னா வெரி குட் போட்டுப் பாருங்க, அது தான் உங்க உண்மையான நம்பர்.

இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, ஸ்போர்ட்ஸ் கார்க்காரங்க கட்டாயம் கவனிக்கணும். விஐஎன், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பரப் போட்டா வருஷம், எஞ்சின், டிரிம் (மாடலோட வெர்ஷன்) எல்லாம் வந்துடும், ஆனா ஆப்ஷன் பேக்கேஜ் பல நேரம் வராது. மஸ்டாங் ஜிடில பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்னு ஒண்ணு, ப்ரெம்போ ப்ரேக், பெரிய ரேடியேட்டர், டார்சன் டிஃப்ரன்ஷியல்னு வாங்கும்போதே ஆயிரக்கணக்குல கூடக் குடுத்திருப்பீங்க, மேக்னரைடு சஸ்பென்ஷன் தனி. கார்வெட்ல இஸட்51 பேக்கேஜ். மியாடா க்ளப்ல ப்ரெம்போ, பிபிஎஸ் வீல் பேக்கேஜ். போர்ஷ்ல கேக்கவே வேணாம், ஸ்போர்ட் க்ரோனோ, ஸ்போர்ட் எக்ஸாஸ்ட், சீட்டுன்னு ஒரே மாடல் ரெண்டு கேமனுக்கு நடுவுல புதுசுலயே இருபதாயிரம் டாலர் வித்தியாசம் இருக்கும். அப்ரைசல் பண்றவர், அதாவது வண்டிய பாத்து விலை போடுற அப்ரைசர், ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி பாக்குறார், உங்க வண்டில இது இருக்குன்னு அவரே கண்டுபிடிச்சு ஏத்திக்குவார்னு நம்பாதீங்க. புது வண்டி ஜன்னல்ல விலைச் சீட்டு ஒட்டியிருக்கணும்னு 1958-லயே சட்டம் போட்டுட்டாங்க, அந்த விண்டோ ஸ்டிக்கரை எடுத்து வெச்சிருந்தா அது தான் உங்க ஆதாரம். தொலைஞ்சிருந்தா அந்த பிராண்ட் டீலர் சர்வீஸ்ல விஐஎன் குடுத்து வண்டில என்னென்ன ஆப்ஷன் போட்டு வந்துச்சுங்கற பில்ட் ஷீட் கேளுங்க, பெரும்பாலும் எடுத்துக் குடுத்துடுவாங்க. அதை அப்ரைசர் கைல குடுத்து “இந்த பேக்கேஜ சேத்து பாத்தீங்களா”ன்னு வாய்விட்டுக் கேளுங்க.

கொஞ்சம் அபூர்வமான வண்டின்னா ப்ரிங் எ ட்ரெய்லர், கார்ஸ் அண்ட் பிட்ஸ் ரெண்டு ஏல சைட்லயும் வித்து முடிஞ்ச விலைய பாருங்க. அது ஆசைப்பட்டு வாங்குறவங்க குடுக்குற விலை, அதுக்கு மேல கமிஷன் வேற அவங்க கட்டுறாங்க, ஸோ டீலர் அதைக் குடுக்கவே மாட்டார், ஆனா மேல் எல்லை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். அதுக்கும் உங்களுக்கு வந்த டிரேட்-இன் ஆஃபருக்கும் ரொம்ப தூரம் இருந்தா, டிரேட்-இன் வேணாம், நேரா அங்கயே வித்துடுங்கன்னு தான் நான் சொல்வேன்.

இப்ப ஆஃபர் வாங்குற வேலை. ஒரே வாரத்துல எல்லாத்தையும் முடிக்கணும், ஏன்னா பழைய கார் வாங்கி விக்கிற பெரிய கம்பெனியான கார்மேக்ஸ் எழுதிக் குடுக்குற ஆஃபர் ஏழு நாளைக்குத் தான், அதே மாதிரி கம்பெனியான கார்வானாவும் அப்படித் தான். கார்வானா வீட்ல இருந்தே ஃபோட்டோ போட்டு வாங்கிடலாம், கார்மேக்ஸுக்கு நேர்ல போய்ட்டு வாங்க, அவங்ககிட்ட வண்டி வாங்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, பாத்துட்டு ஒரு பேப்பர் குடுப்பாங்க, எடுத்துட்டு வந்துடலாம். அடுத்து உங்க வண்டி பிராண்ட் டீலர் ரெண்டு பேர், அதுவும் லாட்ல உங்க மாதிரி வண்டி ஏற்கனவே வெச்சு விக்கிறவங்களா பாத்து, யூஸ்டு கார் மேனேஜருக்கு ஃபோன் பண்ணி “நான் இப்ப எதுவும் வாங்கல, என் வண்டிய வாங்குவீங்களா”ன்னு நேரா கேளுங்க. சேல்ஸ்மேன்கிட்ட கேக்காதீங்க, அவருக்கு புது வண்டி வித்தா தான் கமிஷன், பேச்சை அங்கயே திருப்பிடுவார். போர்ஷ் மாதிரி பிராண்ட்ல டீலருங்க சர்டிஃபைடு வண்டிக்கு, அதாவது செக் பண்ணி கம்பெனி வாரண்டியோட விக்கிற பழைய வண்டிக்கு, அலைவாங்க, உங்களுது கம்மி மைல் ஓடி எதையும் மாத்தாம இருந்தா அங்க தான் நல்ல ரேட் வரும். பக்கத்துல ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் விக்கிற சின்ன டீலர் யாராவது இருந்தா அவங்களையும் விடாதீங்க.

மேனுவல் கியர் வண்டின்னா இன்னொரு விஷயம். எல்லா எடத்துலயும் ஓட்டிப் பாக்குற ஆளுக்கு கிளட்ச் பழக்கம் இருக்கும்னு சொல்ல முடியாது, அப்படிப்பட்ட எடத்துல அதைக் குறையா தான் பாப்பாங்க. ஆனா மேனுவல் மியாடாவோ கேமனோ தேடுறவங்களுக்கு அது இல்லாம வேணவே வேணாம். இது தெரிஞ்ச டீலர்கிட்ட மட்டும் போங்க.

இனி டாக்ஸ். டெக்சாஸ்ல கார் சேல்ஸ் டாக்ஸ் 6.25 சதவீதம், டிரேட்-இன் குடுத்தா புது வண்டி விலைல அதைக் கழிச்சுட்டு மீதிக்குத் தான் டாக்ஸ். மினிவேன் 48,000, டிரேட்-இன் 25,000-ன்னு வைங்க. டிரேட்-இன் இல்லாம வாங்குனா டாக்ஸ் 3,000. டிரேட்-இன் குடுத்தா 23,000-க்கு மட்டும், அதாவது 1,437 டாலர் 50 சென்ட். மிச்சம் 1,562 டாலர் 50 சென்ட். அப்போ கார்மேக்ஸ் 26,000 குடுக்குறாங்க, டீலர் 25,000 தான் குடுக்குறார்னா கார்மேக்ஸ்ல ஆயிரம் கூடக் கெடைக்குதுன்னு தோணும், ஆனா உண்மைல டீலர்கிட்ட குடுக்குறதுல தான் ஐநூத்து சொச்சம் உங்களுக்கு லாபம். கார்மேக்ஸ் 26,562-ஐத் தாண்டுனா தான் அங்க விக்கிறதுல அர்த்தம். இந்த ஒரு கணக்க மொபைல்ல போட்டு வெச்சுட்டுப் போங்க, டீலர்கிட்ட “கார்மேக்ஸ் 26,000 எழுதிக் குடுத்திருக்காங்க, நீங்க 25,000 குடுத்தா இங்கயே முடிச்சிடலாம்”னு சொல்லலாம், ஏலத்துக்கு அனுப்புற டீலரா இருந்தா கூட கார்மேக்ஸ் பேப்பர் கைல இருக்கும்போது அவருக்கும் அது ஒரு தைரியம், பல நேரம் மேல ஏறி வருவாங்க. ஆனா இந்தச் சலுகை எல்லா ஸ்டேட்லயும் கெடையாது. கலிஃபோர்னியால முழு விலைக்கும் டாக்ஸ், டிரேட்-இன் கழிக்க மாட்டாங்க, வர்ஜீனியாலயும் அதே கதை. பே ஏரியால இருக்கிறவங்களுக்கு இதனால கணக்கு ரொம்ப சிம்பிள், யாரு கூடக் குடுக்குறாங்களோ அவங்ககிட்ட வித்துட்டு காசோட போய் புது வண்டி எடுங்க.

டீலர் டேபிள்ல உக்காந்த அப்புறம் ஒரு பேப்பர நாலு கட்டமா பிரிச்சு எழுதுவாங்க, ஃபோர் ஸ்கொயர்னு பேரு. புது வண்டி விலை, டிரேட்-இன், டவுன் பேமெண்ட், மாசத் தவணை. ஒரு கட்டத்துல உங்களுக்குப் பிடிச்ச நம்பர எழுதிட்டு இன்னொரு கட்டத்துல அதை எடுத்துடுறது தான் இதோட வேலையே. டிரேட்-இன்க்கு 28,000 தர்றேன்னு சொல்வாங்க, சந்தோஷமா தலையாட்டுவீங்க, ஆனா புது வண்டில வர வேண்டிய டிஸ்கவுண்ட் காணாமப் போயிருக்கும். முதல் கேள்வியே “மாசம் எவ்ளோ கட்ட முடியும்”னு தான் வரும். அதுக்கு பதில் சொல்லாதீங்க. “எல்லா ஃபீஸும் சேத்து அவுட் தி டோர் விலை எவ்ளோ, அதை முதல்ல ஈமெயில்ல அனுப்புங்க, டிரேட்-இன் இருக்கா இல்லையான்னு அப்புறம் பேசலாம்”னு சொல்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு பேரம் பேச வராதுன்னு இல்ல, ரங்கநாதன் தெருவுல பேசுன வாய் தான், ஆனா இங்க சனிக்கிழமை குழந்தையோட போய் நாலு மணி நேரம் உக்கார வெச்சா எல்லாருக்கும் அலுத்துப் போயிடும், அந்த அலுப்புல தான் கையெழுத்துப் போடுறோம். ஈமெயில்ல முடிச்சுட்டு ஒரு வார நாள் சாயந்தரம் போங்க.

வண்டிய ரெடி பண்றதுல எங்க செலவு பண்றது எங்க பண்ணக் கூடாதுன்னு பாப்போம். நல்லா கழுவி, உள்ள வாக்யூம் பண்ணி, நாத்தம் இல்லாம கொண்டு போங்க, அது போதும். செக் எஞ்சின் லைட் எரியுதுன்னா மட்டும் கட்டாயம் என்னன்னு பாத்துடுங்க, நூறு இருநூறு டாலர் சென்சாரா இருக்கும், ஆனா அப்ரைசர் அதைப் பாத்ததும் இருக்கிறதுலயே மோசமானதை நெனச்சு ஆயிரம் ரெண்டாயிரம் கழிச்சுடுவார். பம்பர ரீபெயிண்ட் பண்ணாதீங்க, பெயிண்ட் மீட்டர் வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும், ஏதோ ஆக்சிடெண்ட்னு சந்தேகம் வரும், இருந்த கல் புள்ளியே மேல். செராமிக் கோட்டிங், ஃபிலிம் இதெல்லாம் வண்டிய காப்பாத்தும், ரேட்டுல தனியா காசு வராது. டயர் தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ்னு வர்ற வண்டில நல்ல பிராண்ட் டயர் நாலும் மாத்தணும்னா ஆயிரம் டாலருக்கு மேல போகும், டீலர் அதை முழுசா கழிச்சுடுவார். நிறைய ஸ்டேட்ல சட்டப்படி குறைஞ்சபட்ச ட்ரெட் 32-ல 2 பங்கு இன்ச், ஆனா லாட்ல வெச்சு விக்கணும்னா டீலர் அதை விட நல்லாவே எதிர்பாப்பார். குடுக்குறதுக்காக புது டயர் போடாதீங்க, போட்ட காசு திரும்பாது, ஆனா எப்படியும் மாத்த வேண்டிய நேரம்னா பேர் தெரியாத மலிவு டயர போட்டுட்டு மட்டும் போயிடாதீங்க, ஸ்போர்ட்ஸ் கார்ல அதைப் பாத்ததும் சர்வீஸும் இப்படித் தான் பண்ணியிருப்பாங்கன்னு முடிவு கட்டிடுவாங்க.

மாடிஃபிகேஷன் பண்ணியிருந்தீங்கன்னா இந்தப் பகுதிய பொறுமையா படிங்க, பணம் அதிகமா போறது இங்க தான். நீங்க போட்ட காயில்ஓவர் சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட், இன்டேக் எதுக்கும் டீலர் பத்து பைசா கூட தர மாட்டார், உண்மைல கழிப்பார், ஏன்னா சர்டிஃபைடா விக்க முடியாது. ஒரிஜினல் பார்ட்ஸ கராஜ்ல வெச்சிருந்தா திருப்பி மாட்டுங்க, கழட்டுனதை அந்த மாடல் ஃபேஸ்புக் குரூப்ல தனியா வித்துக்கலாம், அங்க அதுக்கு நல்ல காசு வரும். எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர கழட்டி வெச்சிருக்கீங்கன்னா அது ஃபெடரல் சட்டப்படியே தப்பு, அப்படியே கொண்டு போகாதீங்க. டெக்சாஸ்ல 2025-ல இருந்து சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன எடுத்துட்டாங்க, ஆனா டாலஸ், காலின், ஹாரிஸ் மாதிரி கவுண்டிகள்ல எமிஷன் டெஸ்ட் இன்னும் இருக்கு, அதுல ஃபெயில் ஆகுற வண்டிய டீலர் லாட்ல வெக்க மாட்டார், நேரா ஏலம் தான். எஞ்சின் ட்யூன் பண்ணியிருந்தா, அதாவது பவர் கூட எஞ்சின் சாஃப்ட்வேர மாத்தியிருந்தா, ஒரிஜினல் ஸ்டாக் ஃபைலுக்கு மாத்திட்டு உடனே ஓடாதீங்க, கம்ப்யூட்டர்ல எமிஷன் மானிட்டர் எல்லாம் ரீசெட் ஆகியிருக்கும், கொஞ்ச நாள் சிட்டிலயும் ஹைவேலயும் ஓட்டுனா தான் ரெடின்னு காட்டும். ட்யூன் பண்ணதை மறைக்கவும் பாக்காதீங்க, ஃபோக்ஸ்வேகன், ஆடில எல்லாம் டீலர் ஸ்கேன் பண்ணும்போது மாத்தின சாஃப்ட்வேர் மாட்டுனா டிடி1-ன்னு ஒரு கோடு வண்டி மேல ஏறிடும், அது கம்பெனி ரெக்கார்ட்லயே நிக்கும், வாரண்டி க்ளெய்மையே நிறுத்திடுவாங்க. கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க.

மேனுவல் போர்ஷ் வெச்சிருக்கிறவங்க கட்டாயம் ஓவர்-ரெவ் ரிப்போர்ட் எடுத்து வெச்சுக்கோங்க. தப்பான கியர்ல போட்டு எஞ்சின் அளவுக்கு மேல சுத்துச்சுன்னா வண்டி கம்ப்யூட்டர் ரேஞ்ச் வாரியா, எஞ்சின் எத்தனாவது மணி நேரத்துல நடந்ததுன்னு சேத்து எழுதி வெச்சிருக்கும். இப்ப வர்ற மாடல்கள்ல ஆறு ரேஞ்ச், கீழ் ரேஞ்சுல எண்ணிக்கை இருந்தா யாரும் கவலைப்பட மாட்டாங்க, மேல் ரேஞ்சுல சமீபத்துல ஏதாவது இருந்தா விலை விழும். சுத்தமா இருக்குன்னு பேப்பரோட போனா பேரம் பேசுறவருக்கு ஒரு ஆயுதம் குறையுது.

வண்டியோட ஆக்சிடெண்ட், சர்வீஸ் வரலாறு காட்டுற கார்ஃபேக்ஸ் ரிப்போர்ட்ட நீங்களே முதல்ல பாத்துடுங்க. பின்னாடி லேசா இடிச்சு பம்பர் மட்டும் மாத்துனதுக்குக் கூட வெறும் ஆக்சிடெண்ட்னு ஒரு வரி வந்திருக்கும், அதைப் பாத்ததும் ரேட் எறங்கும். ரிப்பேர் பில், இடிச்சப்ப எடுத்த ஃபோட்டோ, ஏர்பேக் விரியலங்கற விவரம் இதெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டுக் குடுத்தா அப்ரைசர் பயந்து கழிக்கிறது குறையும். தப்பு எதிராளி மேலன்னா, டெக்சாஸ்ல இருக்கிறவங்க அவங்க இன்சூரன்ஸ்கிட்ட டிமினிஷ்டு வேல்யூன்னு வண்டி மதிப்பு கொறஞ்சதுக்கும் தனியா க்ளெய்ம் பண்ணலாம், பல பேர் ரிப்பேர் காசோட விட்டுடுறாங்க. சர்வீஸ் பில் எல்லாம், ரெண்டு சாவி, ஓனர் மேனுவல், டாப் கவர், டூல் கிட் எல்லாத்தையும் கூட எடுத்துட்டுப் போங்க, ரெண்டாவது சாவி இல்லன்னா அதுக்கே சில நூறு டாலர் கழிப்பாங்க.

நேரமும் முக்கியம். சிகாகோ, பாஸ்டன், நியூஜெர்சி பக்கம் இருக்கிறவங்க மியாடாவோ மஸ்டாங் கன்வர்ட்டிபிளோ நவம்பர்ல குடுக்காதீங்க, வாங்குற டீலர் குளிர்காலம் முழுக்க அதை நிறுத்தி வெச்சு வட்டி கட்டணும். மார்ச், ஏப்ரல் வரைக்கும் தள்ள முடிஞ்சா தள்ளுங்க. டாலஸ், ஹூஸ்டன்ல அவ்ளோ வித்தியாசம் இல்ல.

லோன் பாக்கி இருந்தா பேங்க்கிட்ட பத்து நாள் பேஆஃப் தொகைய, அதாவது லோன மொத்தமா முடிக்க எவ்ளோ கட்டணும்ங்கறதை, எழுத்துல வாங்குங்க, ஆப்ல காட்டுற பேலன்ஸ் வேற, அதுல அன்னன்னிக்கு ஏறுற வட்டி வராது. பேஆஃப் 27,000, டிரேட்-இன் 25,000-ன்னா அந்த 2,000-ஐ புது லோன்ல சத்தமில்லாம ஏத்திடுவாங்க, முடிஞ்சா கையில இருந்து கட்டிடுங்க, மினிவேனுக்கு வட்டி கட்டுறதே போதும், வித்த மஸ்டாங்குக்கும் சேத்து ஆறு வருஷம் கட்ட வேணாம். லீஸ் வண்டின்னா கான்ட்ராக்ட் படிங்க, பல லீஸ் கம்பெனிகள் இப்ப வேற பிராண்ட் டீலருக்கோ கார்மேக்ஸுக்கோ விக்க விடுறதில்ல, அதே பிராண்ட் டீலர்கிட்ட தான் போக முடியும்.

கையெழுத்துப் போட்ட அப்புறம் பழைய லோன் ஜீரோ ஆனதை நீங்களே செக் பண்ணுங்க, டீலர் கட்ட லேட் பண்ணா லேட் ஃபீஸும் க்ரெடிட் அடியும் உங்களுக்குத் தான், அது வரைக்கும் ஆட்டோ பே நிறுத்தாதீங்க, கூடப் போனா பேங்க் திருப்பி அனுப்பிடும். எக்ஸ்டெண்டட் வாரண்டி, கேப் இன்சூரன்ஸ் (வண்டி மொத்தமா போயிட்டா லோன் பாக்கிக்கும் வண்டி மதிப்புக்கும் நடுவுல உள்ளதைக் கட்டுறது) எடுத்திருந்தா கேன்சல் பண்ணி மீதி நாளுக்கான காச கேளுங்க, கேக்காம வராது. டெக்சாஸ்ல முப்பது நாளுக்குள்ள வெஹிக்கிள் டிரான்ஸ்ஃபர் நோட்டிஃபிகேஷன டிஎம்வி சைட்ல போட்டுடுங்க, கலிஃபோர்னியால அஞ்சே நாள் தான். டோல் டேக கண்ணாடில இருந்து கழட்டி அக்கவுண்ட்ல இருந்து அந்த நம்பர் ப்ளேட்டையும் எடுத்துடுங்க. கராஜ் டோர் பட்டன், ஃபோன் புக், வீட்டு அட்ரஸ் எல்லாம் வண்டிக்குள்ள ரீசெட் பண்ணிடுங்க, மொபைல் ஆப்ல இருந்தும் வண்டிய நீக்கிடுங்க, இன்சூரன்ஸ மட்டும் சாவி கை மாறி பேப்பர்ல கையெழுத்தான அப்புறம் நிறுத்துங்க.